நூறு சுற்று, மூன்று நிமிடம், ஒரு தோசைக்கல்

2021ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் பதினான்காம் திகதி, வியாழக்கிழமை, மாலை நான்கு மணி பத்து நிமிடத்துக்கு நான் வேலையில் சேர்ந்தேன். 2025 மார்ச் இருபத்தெட்டாம் திகதி, வெள்ளிக்கிழமை, மாலை ஆறு மணிக்கு இளைப்பாறினேன். அப்போது எனக்கு வயது இருபத்து நான்கு. இடைப்பட்ட காலம் மூன்று ஆண்டு, ஐந்து மாதம், பதினான்கு நாள். வாரத்துக்குப் பத்து மணி நேரம். இதற்கு இளைப்பாறுதல் என்ற சொல் சற்றுப் பெரிதுதான். ஆனாலும் ஒரு வேலையை முழுமையாகச் செய்து, முறைப்படி விடைபெற்று, சாவியைத் திருப்பிக் கொடுத்தவருக்கு வேறு எந்தச் சொல்லைப் பயன்படுத்துவது என்று எனக்குத் தெரியவில்லை.

சென்ற வாரம், என் இடத்துக்கு வந்திருக்கும் யானா என்ற மாணவி ஒரு மின்னஞ்சல் அனுப்பியிருந்தாள். பட்டறையில் அன்றாடம் இசை கேட்கும் பெட்டியின் சுழலும் தட்டு ஓரத்தில் சில புள்ளிகள் இருக்கின்றன, அவை வேகம் பார்க்கும் அடையாளங்களா? வெயில் அடிக்கும் நாட்களில் அந்தத் தட்டு ஏன் எண்ணெய் மணக்கிறது? ஜேர்மனில் இரண்டு வரியில் பதில் எழுதினேன்: ஆம், வேகம் பார்க்கலாம், அது நல்லெண்ணெய். இரண்டும் உண்மை, ஆனால் போதாதவை. முழுப் பதிலையும் தமிழில் எழுதுவதே வசதி என்று பட்டது. தோசைக்கல் என்றால் என்னவென்று தமிழில் விளக்க வேண்டியதில்லை. அதில் ஒரு பக்கம் மிச்சம்.

பட்டறை ஜேர்மனியின் ஹாலே நகரில், ஒரு பழைய குடியிருப்பின் பின்முற்றத்தில் இருக்கிறது. இசைத்தட்டைச் சுழற்றி ஊசியால் பாடவைக்கும் பெட்டிகளை, சுருக்கமாகச் சுழலிகளை, அங்கே பழுது பார்ப்பார்கள். நான் இலக்கியம் படிக்க இந்த ஊருக்கு வந்தவள். பதினெட்டாம் நூற்றாண்டுத் தமிழ்க் கடிதங்களில் வரும் பெயரடைகளைப் பற்றி ஆய்வேடு எழுத எண்ணியிருந்தேன். அந்தக் கடிதங்கள் இங்குள்ள பழைய காப்பகமொன்றில் இருக்கின்றன. காப்பகம் மாலை நான்கு மணிக்குப் பூட்டப்படும். பட்டறை அங்கிருந்து பத்து நிமிட நடை. சேர்ந்த நேரம் நான்கு பத்து ஆனதற்குக் காரணம் அதுதான்.

பயிற்சிக் காலத்தைச் சுருக்கிவிடுகிறேன். முதலாம் ஆண்டு தூசி துடைத்தேன். இரண்டாம் ஆண்டு, தட்டைச் சுழற்றும் பெல்ட் மாற்றினேன். மூன்றாம் ஆண்டு ஊசியைத் தொட விட்டார்கள்.

பட்டறையின் தலைவி ஃப்ராவ், அதாவது திருமதி, ஹென்னிங். நாற்பத்தொரு வயது, காதில் பென்சில், கையில் எப்போதும் ஒரு வெர்னியர் அளவுகோல். அவர் யாரையும் கடிந்துகொண்டதில்லை, யாரையும் பாராட்டியதுமில்லை. ஒரு வேலை சரியாக முடிந்தால் ‘லொய்ஃப்ட்’ என்பார், அதாவது ‘ஓடுகிறது’. மற்ற எல்லாவற்றுக்கும் அவரிடம் ஒரே கேள்விதான் இருந்தது.

முதல் நாள் என்னை இரண்டு சுழலிகளுக்கு முன்னால் உட்காரவைத்து, ஒரே இசைத்தட்டை இரண்டிலும் போட்டுக் காட்டினார்.

“என்ன வித்தியாசம்?”

“இரண்டாவது கொஞ்சம் வெதுவெதுப்பாக இருக்கிறது” என்றேன்.

“எவ்வளவு?”

எனக்கு விளங்கவில்லை.

“எத்தனை டிகிரி?”

மூலையில் ஈயம் பற்றவைத்துக்கொண்டிருந்த தோமஸ் தலையைத் திருப்பாமலே பதில் சொன்னார்: “பதினெட்டு. ஜன்னல் திறந்திருக்கிறது.”

தோமஸ் அம்பிளிஃபயர்களுக்குப் பொறுப்பானவர்; அந்தப் பட்டறையில் சிரிக்கும் கடமையும் அவருடையதாகவே இருந்தது. அவருக்குப் பின்னால் சுவரில் ஒரு கரும்பலகை. அதில் தடைசெய்யப்பட்ட சொற்களை வரிசையாக எழுதியிருந்தார்கள்: ஆழமான, உயிருள்ள, பட்டுப்போன்ற, ஆன்மாவுள்ள. ஃப்ராவ் ஹென்னிங் எழுந்துபோய் அவற்றின் அடியில் ‘வெதுவெதுப்பான’ என்று சேர்த்தார். பெயரடைகளை ஆராய வந்தவளின் மொத்தக் கையிருப்பும் அந்தப் பலகையில் முடக்கப்பட்டிருந்தது.

பிறகு ஒரு குறிப்பேடு தந்தார். ஒவ்வொரு பக்கத்திலும் இரண்டு நிரல்கள்: எண், அலகு. மனத்தில் எந்தப் பெயரடை தோன்றினாலும் அதற்கு உரிய எண்ணைக் கண்டுபிடித்த பிறகே வாயைத் திறக்க வேண்டும். ‘கொஞ்சம் வேகமாகப் பாடுகிறது’ என்பது ‘நிமிடத்துக்கு 33.6 சுற்று’ ஆனது. ‘ஏதோ நடுங்குகிறது’ என்பது ‘தட்டின் ஓரம் 0.4 மில்லிமீட்டர் ஏறி இறங்குகிறது’ ஆனது. நான் இயல்பில் அதிகம் பேசாதவள். பேசாமல் இருப்பதற்கு இவ்வளவு மதிப்பான காரணம் கிடைக்கும் என்று எதிர்பார்க்கவேயில்லை. மகிழ்ச்சியில் அந்தப் பழக்கத்தை வெளியிலும் கையாளத் தொடங்கினேன். எசன் நகரிலிருந்து அம்மா தொலைபேசியில் “இஞ்ச சரியான குளிர்” என்றபோது, “எவ்வளவு?” என்று கேட்டுவிட்டேன்.

“உனக்கு விசரே பிள்ளை? குளிர் எண்டாக் குளிர்தான்.”

பட்டறைக்கு ஒரு வழக்கம் உண்டு. விட்டுப் போகிறவர் தன் கையால் ஒரு சுழலி செய்து வைத்துவிட்டுப் போக வேண்டும். கடைசி நாளில் அதைப் பட்டறையின் அன்றாடச் சுழலியோடு ஒரு திரைக்குப் பின்னால் வைத்து, மாறி மாறி இயக்குவார்கள். ஐந்து பேர் கேட்பார்கள். அவர்களில் ஒருவர் விடைபெறுகிறவரின் விருந்தாளி. எது சிறந்தது என்று ஐவரும் தகரப் பெட்டியில் ஆளுக்கொரு பொத்தான் போட வேண்டும். புதியது வென்றால், செய்தவரின் பெயர் ஒட்டப்பட்டு அதுவே அன்றாடச் சுழலியாகும். தோற்றால், செய்தவரே அன்று மாலை அதைக் கழற்றி, திருகாணிகளைக்கூட அளவு பார்த்து இழுப்பறைகளில் பிரித்துப் போட வேண்டும். கடைசியாக வென்றவர் எனக்கு முன் மூன்றாவது ஆள். நான் பார்க்க ஒருவர் ஒன்றரை வருட உழைப்பைத் தேநீர் ஆறுவதற்குள் கழற்றி முடித்தார். அவர் முகத்தை நான் மறக்கவில்லை. ஆகவே 2024 ஜனவரியிலேயே, பதினான்கு மாதம் முன்கூட்டி, என் சுழலியைத் தொடங்கினேன். அது நிற்க வேண்டும் என்று எவ்வளவு விரும்பினேன் என்பதற்கு என்னிடம் அலகு இல்லை.

சுழலியோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் வீட்டில் சோதித்துப் பார்க்க அம்பிளிஃபயர் வேண்டும், ஸ்பீக்கர் வேண்டும். அவற்றையும் நானே செய்தேன். ஜேர்மனியில் பழைய தளபாடங்களைக் குறித்த நாளில் தெருவோரம் வைப்பார்கள். அப்படி வைக்கப்பட்ட ஒரு அலுமாரியை அறுத்து இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகள் செய்தேன். ஒன்றின் பின்புறத்தில் அலுமாரியின் சாவித்துளை அப்படியே இருந்தது. அதை அடைத்தபோதும் திறந்தபோதும் அளந்து பார்த்தேன். திறந்திருந்தால் தாழ்ந்த மந்த்ர ஒலி நன்றாக வந்தது, விட்டுவிட்டேன். அம்பிளிஃபயரைத் தோமஸ் வரைந்து தந்த படத்தின்படி பற்றவைத்தேன். முதல் முறை மின்சாரம் கொடுத்தபோது புகை வரவில்லை. அதை நம்ப முடியாமல் இரண்டு நிமிடம் மணந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

புகைக்குப் பதிலாக ஓர் இரைச்சல் வந்தது. இசை இல்லாதபோதும் ‘ஊம்’ என்று அறையை நிரப்பியது. அந்த நேரம் பார்த்து அம்மா தொலைபேசி எடுத்தார்.

“ஆரடி சுருதிப்பெட்டி போட்டிருக்கினம்? திரும்பப் பாட்டு வகுப்புக்குப் போறியோ?”

“இல்லையம்மா. எர்த் வயர் பிழை.”

“பிழையோ? நல்லாச் சேர்ந்து நிக்குதே. ‘ஸா’ பிடிச்சுப் பார்.”

பிடித்துப் பார்த்தேன். சேர்ந்து நின்றது. ஐம்பது ஹேர்ட்ஸ், நாட்டின் மொத்த மின்சாரமும் போடும் சுருதி. இரண்டு நாள் தேடி, ஊசிக்கையின் எர்த் வயரும் அம்பிளிஃபயரின் எர்த் வயரும் இரண்டு வெவ்வேறு இடங்களில் தரையைத் தொடுவதைக் கண்டுபிடித்து, இரண்டையும் ஒரே திருகாணியில் கட்டினேன். சுருதி நின்றது. உண்மையைச் சொன்னால் ஒரு நிமிடம் கவலையாக இருந்தது.

மிஞ்சியது சுழலும் தட்டு. சுழலியின் உயிர் தட்டில் இருக்கிறது என்று எழுத ஆசைதான், ஆனால் ‘உயிர்’ பலகையில் இருக்கிறது. தட்டு கனமாக இருந்தால் மோட்டாரின் சிறு தடுமாற்றங்கள் அதை அசைக்காது என்று சொல்லி நிறுத்துகிறேன்.

“தட்டு கனமாக இருக்க வேண்டும்” என்றார் ஃப்ராவ் ஹென்னிங்.

மூன்று வருடம் காத்திருந்த வாய்ப்பு. “எவ்வளவு?” என்று கேட்டேன்.

தோமஸின் பற்றவைக்கும் கோல் அந்தரத்தில் நின்றது. ஃப்ராவ் ஹென்னிங்கின் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. “மூன்று கிலோ. விட்டம் முப்பது சென்ரிமீட்டர். தட்டினால் மணி போல ஒலிக்கக் கூடாது.”

அன்று இரவு எட்டரை மணிக்கு, வீட்டில் சலவைத்தூள் தேடிக் கழுவுதொட்டியின் கீழ் அறையைத் திறந்தேன். அங்கே அம்மா தந்துவிட்ட தோசைக்கல் இருந்தது. வீடு மாறியபோது, “கிழமைக்கு ஒருக்காவது எண்ணெய் காட்டு, இல்லாட்டித் துருப்பிடிக்கும்” என்று சொல்லித் தந்தது. நான் எண்ணெய் மட்டும் காட்டிவந்தேன், தோசை காட்டவில்லை. கல்லை வெளியே எடுத்தேன். அளந்தேன்: முப்பது சென்ரிமீட்டர், இரண்டு மில்லிமீட்டர். நிறுத்தேன்: மூன்று கிலோ, நானூறு கிராம். கரண்டியால் தட்டினேன்: ‘டொக்’. அவ்வளவுதான், அதற்குமேல் அது ஒரு சொல்லும் பேசவில்லை. வார்ப்பிரும்பு பேசாது. நான் வழக்கமாகத் துள்ளுவதில்லை. அன்று ஒரு தடவை துள்ளினேன். ஊசி குதித்திருக்கும்.

மறுநாள் அதன் கைப்பிடிக் காதை அறுத்து, பட்டறையின் சிறு கடைசல் இயந்திரத்தில் ஏற்றினோம். ஃப்ராவ் ஹென்னிங் தானே கடைந்தார். கருப்புப் படலம் தூளாகப் பறந்து, சாம்பல் நிற இரும்பு வெளிப்பட்டது. அவர் நின்று மூக்கைச் சுளித்தார்.

“இது எங்கிருந்து வந்தது?”

“சமையலறையிலிருந்து.”

“என்ன வாசனை?”

“வெந்தயம்.”

“எவ்வளவு?”

“ஒரு தேக்கரண்டி” என்றேன். அவர் இயந்திரத்தை மறுபடி ஓடவிட்டார்.

மேற்பரப்பை மட்டம் செய்து, நடுவில் ஏழு மில்லிமீட்டர் துளை போட்டோம். வெளிவிளிம்பைத் தொட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். அங்கே அம்மாவின் பெயர் இருந்தது. எங்கள் வீடுகளில் பாத்திரங்களுக்குப் பெயர் போடுவார்கள். கோயில் திருவிழாவுக்கும் கலியாண வீட்டுக்கும் அண்டாவும் கரண்டியும் இரவல் போகும். பெயர் இருந்தால் வீடு திரும்பும். உலோகத் தொழிற்சாலையில் வேலை செய்யும் அப்பா, குத்தூசியும் சுத்தியலும் கொண்டு இந்தக் கல்லின் விளிம்பில் ‘ந.யோ.’ என்று புள்ளி புள்ளியாகக் குத்தியிருந்தார். அம்மாவின் பெயர் யோகராணி. கல்லை எடுத்ததை அம்மாவிடம் சொல்லவில்லை. சொல்ல எண்ணி எடுத்த ஒவ்வொரு அழைப்பிலும் அவர் முதலில் “கல்லுக்கு எண்ணெய் காட்டினியோ?” என்று கேட்டார். “ஓம்” என்றேன். பேரிங்கில் ஒரு துளி விட்டிருந்தேன், அது பொய்யல்ல.

அந்தப் பெயர் வேறொரு பயனும் தந்தது. இசைத்தட்டு நிமிடத்துக்கு முப்பத்து மூன்றும் மூன்றில் ஒரு பங்கும் சுற்ற வேண்டும். மூன்று நிமிடத்தில் சரியாக நூறு. கடிகாரத்தை முன்னால் வைத்துக்கொண்டு, கல் சுழலச் சுழல ‘ந.யோ.’வை எண்ணினேன். முதல் நாள் மூன்று நிமிடத்தில் நூற்றிரண்டு. மோட்டாரின் கப்பியைக் கொஞ்சம் தேய்த்தேன். மூன்றாம் நாள் நூறு. என் அம்மாவை மூன்று நிமிடத்தில் நூறு தடவை வணங்கியவள் வேறு எவளும் இருக்க மாட்டாள்.

இனிக் கடினமான கட்டம். கேட்கும் நாளுக்கு மூன்று வாரம் இருந்தது. அதுவரை பழைய, மலிவான ஓர் ஊசித்தலையோடு ஓட்டிக்கொண்டிருந்தேன். ஊசித்தலை என்பது ஊசிக்கையின் நுனியில் இருக்கும் விரல்நகம் அளவுப் பெட்டி. ஊசியின் அசைவை மின்சாரமாக்குவது அதுதான். போட்டிக்கு இரண்டு சுழலிகளிலும் ஒரே வகை ஊசித்தலை இருக்க வேண்டும் என்பது விதி. ஃப்ராவ் ஹென்னிங் நல்ல ஊசித்தலை ஒன்றை எனக்குத் தந்தார். பொருத்தினேன். சிறு தராசைத் தட்டின்மேல் வைத்து ஊசி அழுத்தும் எடையை ஒன்று தசம் எட்டு கிராமுக்குச் சரிசெய்தேன். ரசமட்டம் பார்த்தேன். இசைத்தட்டை வைத்தேன்.

பியானோ ஈரச் சாக்கு மூட்டையைப் போல ஒலித்தது. மன்னிக்கவும். மந்த்ர ஒலி இரு மடங்கு தடித்து, மேலே உள்ளவை கரகரத்தன. ஊசித்தலையின் வயிறு தட்டை உரசும் அளவுக்குத் தாழ்ந்திருந்தது. திரும்ப நிறுத்தேன்: ஒன்று தசம் எட்டு. திரும்ப வைத்தேன்: சாக்கு. கையை மாற்றிக் கட்டினேன், பெல்டை மாற்றினேன், வயரை மாற்றினேன். பத்து நாள் போயிற்று. தராசு சத்தியம் செய்தது, காது மறுத்தது. இழுப்பறைகள் இருக்கும் பக்கம் நான் பார்ப்பதை நிறுத்தியிருந்தேன்.

பதினோராம் நாள், காவல் மூடி போட்ட நிலையில் ஊசித்தலையைக் கழற்றும்போது அது இடுக்கியிலிருந்து வழுக்கியது. கீழே விழும் ஒலிக்காக மூச்சைப் பிடித்தேன். ‘டிக்’ என்று ஓர் ஒலி மட்டும் வந்தது. தரையில் ஒன்றும் இல்லை. மேசையிலும் இல்லை. தோசைக்கல்லின் விளிம்பில், ‘யோ’வுக்குப் பக்கத்தில், வௌவால் போலத் தலைகீழாக ஒட்டிக்கொண்டிருந்தது.

காந்தம். நல்ல ஊசித்தலைக்குள் வலிமையான காந்தம் இருக்கிறது. தோசைக்கல் இரும்பு. தராசின் மேல் ஊசி வைக்கும்போது கல் தூரத்தில் இருந்தது, எடை சரியாகக் காட்டியது. இசைத்தட்டின் மேல் இறங்கியதும் கல் அதைக் கீழே இழுத்துப் பிடித்துக்கொண்டது. உலகத்தில் சுழலி செய்கிறவர்கள் அலுமினியத்தில் செய்வார்கள், கண்ணாடியில் செய்வார்கள். தோசைக்கல்லில் செய்து இந்தப் பிழையில் விழ ஓர் இனத்தவரால்தான் முடியும். நான் சிரிக்கத் தொடங்கி, நிறுத்த முடியாமல், நாற்காலியைத் தேடி உட்கார்ந்தேன். தோமஸ் ஓடி வந்து பார்த்துவிட்டுத் தானும் உட்கார்ந்தார்.

“உங்களுக்கு முதலே தெரியுமா?” என்று ஃப்ராவ் ஹென்னிங்கிடம் கேட்டேன்.

“தெரியும்.”

“ஏன் சொல்லவில்லை?”

“நீங்கள் எடையைக் கேட்டீர்கள். காந்தத்தைக் கேட்கவில்லை.”

விலக்கிவைத்தால் காந்தத்தின் இழுப்பு குறையும். பல்கலைக்கழகத்தில் எங்கள் துறை நடைபாதையில் கழற்றி வைத்திருந்த பழைய அறிவிப்புப் பலகையின் தக்கையைக் கேட்டு வாங்கி, மூன்று மில்லிமீட்டர் கனத்தில் வட்டங்களாக வெட்டினேன். தராசின் தட்டையும் மெல்லியதாக மாற்றி, இசைத்தட்டின் உயரத்திலேயே நிறுத்தேன். ஒரு தக்கை வைத்தபோது இரண்டு தசம் ஆறு கிராம். இரண்டு வைத்தபோது இரண்டு தசம் இரண்டு. மூன்றுக்கு ஒன்று தசம் ஒன்பது. நான்காவதுக்கு ஒன்று தசம் எட்டு. ஐந்தாவதை வைத்தாலும் மாறவில்லை. நான்கோடு நிறுத்தினேன். தட்டு பன்னிரண்டு மில்லிமீட்டர் உயர்ந்ததால் கையையும் உயர்த்த வேண்டும். பித்தளை வளையங்கள் வைத்தேன், இம்முறை காந்தத்தைக் காட்டிக் கேட்டுவிட்டு. இசைத்தட்டின் துளைக்குள் நிற்கும் நடுக்குமிழும் போதவில்லை. நீளமான பித்தளைக் குமிழ் ஒன்றைக் கடைந்து, கல்லின் துளையில் மேலிருந்து திருகினோம். பியானோ திரும்பவும் பியானோவாயிற்று. ஃப்ராவ் ஹென்னிங் இரண்டு நிமிடம் கேட்டார்.

“லொய்ஃப்ட்” என்றார்.

விருந்தாளியாக யாரை அழைப்பது? நான் அழைக்கு முன் அம்மாவே முடிவு செய்துவிட்டார். மகளின் கடைசி வேலை நாளுக்கு, தான் வேலை செய்யும் முதியோர் இல்லச் சமையலறையில் கிடைத்த இரண்டு நாள் விடுமுறையோடு, ஒரு வாளித் தோசை மாவோடு, வியாழக்கிழமை ரயிலில் வந்து இறங்கினார்.

“கல்லு எங்க?” இதுதான் என் வீட்டுக்குள் அவருடைய முதல் வசனம்.

“பட்டறையில.”

“பட்டறையிலயோ? ஏன், அங்க தோசை சுடுறனீங்களோ?”

“இல்லையம்மா. சுத்துறம்.”

“என்னத்தைச் சுத்துறியள்?”

“நாளைக்கு வந்து பாருங்கோ.”

“சரி. மா பொங்கிக்கொண்டு வருது. நாளைக்குப் பின்னேரம் கல்லைக் கொண்டு வந்திடு.”

வெள்ளிக்கிழமை நான்கு மணிக்கு ஐவரும் நாற்காலிகளில் அமர்ந்தார்கள்: தோமஸ், ஒரு தபால்காரர், ஒரு பல் மருத்துவர், தேவாலயத்தில் ஆர்கன் வாசிக்கும் ஒருவர், நல்ல சேலையில் என் அம்மா. ஃப்ராவ் ஹென்னிங் நாணயம் சுண்டி வரிசையைத் தீர்மானித்துத் திரைக்குப் பின்னால் போனார். முதலில் ஒரு சுழலி ஐந்து நிமிடம் பாடியது, பிறகு மற்றது. இரண்டாவது என்னுடையது என்பது எனக்கு மட்டும் தெரிந்தது, முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டேன். முதல் சுழலிக்குக் கருப்புப் பொத்தான், இரண்டாவதுக்கு வெள்ளை. நால்வரும் போட்டார்கள். அம்மா மட்டும் இரண்டு பொத்தானையும் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு யோசித்தார்.

“இன்னொருக்காப் போடச் சொல்லு” என்றார் என்னிடம்.

மறுபடி போட்டார்கள். அம்மா கண்ணை மூடிக் கேட்டார்.

“முதலாவது வடிவா இருக்கு. ரெண்டாவது சரியா இருக்கு. எதைப் போடுறது?”

“நான் சொல்ல ஏலாது அம்மா.”

“நீ எப்பதான் சொல்லியிருக்கிறாய்.” வெள்ளைப் பொத்தானைத் தூக்கிப் பார்த்தார். “வடிவைப் பாத்துச் சீலை எடுக்கலாம். பாட்டுச் சரியா இருக்கோணும்.”

‘டங்’ என்று தகரத்தில் விழுந்தது. ஃப்ராவ் ஹென்னிங் பெட்டியைக் கவிழ்த்தார். கருப்பு இரண்டு, வெள்ளை மூன்று. தோமஸ் நாற்காலியின்மேல் ஏறி நின்று கத்தினார். ஃப்ராவ் ஹென்னிங் திரையை இழுத்தார்.

தோசைக்கல் இன்னும் சுழன்றுகொண்டிருந்தது. அம்மா அருகே போனார். மூக்குக்கண்ணாடியைப் போட்டார். ‘ந.யோ.’ ஒரு முறை வந்து போனது. இரண்டாம் முறை வந்து போனது. மூன்றாம் முறை வந்தபோது அம்மாவின் தலையும் கூடவே திரும்பியது.

“எடியே! உது என்ர கல்லு!”

நான் மோட்டாரை நிறுத்தினேன்.

“காது எங்க? கல்லின்ர காது எங்க?”

“அறுத்திட்டம்.”

“நடுவில என்ன ஓட்டை? ஐயோ, மேல் முழுக்க உரிச்சு வச்சிருக்கிறியள். பதின்மூண்டு வருசம் பழக்கின கல்லு!”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். “என் தோசைச் சட்டியில் பியானோ வாசித்திருக்கிறீர்கள்” என்று அம்மா ஜேர்மனில் விளக்கினார். பல் மருத்துவர் கைக்குட்டையை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். கல்லை அம்மா கேட்டால் கொடுக்கத்தான் வேண்டும். அது அவருடையது, பெயரும் அவருடையது. கொடுத்தால் என் சுழலி ஒரு பலகை, ஒரு மோட்டார், நான்கு தக்கை. வென்ற கையோடு இழுப்பறைகளுக்குப் போக வேண்டியதுதான். ஃப்ராவ் ஹென்னிங் குனிந்து புள்ளிகளைப் பார்த்தார்.

“இது என்ன எழுத்து?”

“என் பெயர்” என்றார் அம்மா.

“விதிப்படி சுழலியில் ஒரு பெயர் ஒட்ட வேண்டும். இதில் ஏற்கெனவே இருக்கிறது.” சற்று யோசித்தார். “உங்கள் சட்டி எங்களுக்கு வேண்டும். தருவீர்களா?”

அம்மா கல்லின்மேல் விரலை ஓட்டினார். ஒரு முனையிலிருந்து மறு முனைவரை. திரும்ப ஒருமுறை.

“நல்ல மட்டமாக் கிடக்கு” என்றார் என்னிடம், குரலைத் தாழ்த்தி. “உப்பிடி மட்டமா ஒருநாளும் இருந்தேல்லை.” பிறகு ஃப்ராவ் ஹென்னிங்கிடம் ஜேர்மனில்: “நாளைக்குக் காலையில் எனக்கு வேண்டும். மாவு காத்திருக்கிறது. அதற்குப் பிறகு இரவலாக வைத்துக்கொள்ளுங்கள்.”

“எவ்வளவு காலம்?”

“பெயர் இருக்கிறதே. தேவைப்படும்போது கேட்பேன்.”

ஆறு மணிக்குச் சாவியைக் கொடுத்துவிட்டு, துவாயில் சுற்றிய கல்லைச் சுமந்துகொண்டு இளைப்பாறினேன்.

மறுநாள் காலை ஏழு மணி பத்து நிமிடத்துக்கு அடுப்பைப் போட்டேன். அம்மா வெங்காயத்தைப் பாதியாக வெட்டி, நல்லெண்ணெயில் தோய்த்து, புது இரும்பைத் தேய்த்துத் தேய்த்துப் பழக்கினார். முதல் தோசை ஒட்டியது. இரண்டாவது கிழிந்தது.

“உந்தக் குமிழைக் கழட்டன்.”

“கழட்டினா மா அடுப்புக்குள்ள ஒழுகும் அம்மா.”

“அப்ப இருக்கட்டும்.”

குமிழைச் சுற்றி மாவை வார்த்தார். மூன்றாவது தோசை முழுசாக எழுந்து வந்தது. தட்டில் வைத்துவிட்டு இருவரும் அதைப் பார்த்தோம். முப்பது சென்ரிமீட்டர் வட்டம், நடுவே ஏழு மில்லிமீட்டர் துளை, ஓரம் முதல் நடுவரை அகப்பை இழுத்த மெல்லிய வரிகள். அம்மா இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “எத்தினையாம் பாட்டடி இது?” என்று கேட்டுவிட்டு மறுபடி சிரித்தார்.

ஒன்பதரைக்குக் கல்லை வெந்நீரில் கழுவி, ஸ்பிரிட் போட்டுத் துடைத்து, டிராமில் பட்டறைக்குக் கொண்டுபோனேன். சாவி இல்லாததால் மணி அடித்தேன். கல்லை இருந்த இடத்தில் வைத்து, தக்கைகளைப் போட்டு, கடிகாரத்தை முன்னால் வைத்து எண்ணினேன். மூன்று நிமிடம், நூறு. பிறகு சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து, சம்பலும் ஒரு தோசையும் ஃப்ராவ் ஹென்னிங்கின் முன் வைத்தேன். அவர் முதலில் வெர்னியரை எடுத்துத் துளையை அளந்தார். பிறகு ஒரு துண்டு பிய்த்துச் சாப்பிட்டார். அடுத்த துண்டு. தோசை முடிந்தது.

“சுவையாக இருக்கிறது” என்றார்.

தோமஸ் மெதுவாக எழுந்துபோய்க் கரும்பலகையின் சுண்ணக்கட்டியை எடுத்தார். நான் குறிப்பேட்டைத் திறந்தேன்.

“எவ்வளவு?” என்று கேட்டேன்.

ஃப்ராவ் ஹென்னிங் சாப்பாட்டுப் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார்.

“இன்னும் இரண்டு.”